காய்ச்சலை அளப்பதோடு மூச்சையும் எண்ணுங்கள்

சளிக் காலம் வந்துவிட்டால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டேதான் இருப்பார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பே. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேற்பட்டவை என்பதால், ஒன்றை எதிர்த்துப் பழகிய உடலுக்கு அடுத்தது புதிதாகவே இருக்கும். ஆகவே, பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையோ என்று கலங்கிச் சத்து டானிக்குகளை வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

இன்ஃப்ளுயன்சா அப்படிப்பட்டதன்று. சளி தொண்டைக் கரகரப்பில் தொடங்கி மெல்ல வரும். இன்ஃப்ளுயன்சாவோ காலையில் ஓடியாடிய பிள்ளையைக் கடுங்காய்ச்சல், உடல்வலி, குளிர்நடுக்கம் என்று மாலைக்குள் படுக்கையில் தள்ளிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள் என்றாலும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், முதியவர்கள் ஆகியோருக்கு அது நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். அந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊசி பலன் தர ஏறத்தாழ 2 வாரம் ஆகும். எனவே பருவம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. 6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. கருவுற்றிருந்தபோது தாய் போட்டுக்கொண்ட ஊசியும், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் பெரியவர்கள் போட்டுக்கொண்ட ஊசியுமே அதற்குக் காப்பு என்பதால், பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் அப்பா, தாத்தா, பாட்டி அனைவரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

விரலிடுக்குகளைத் தேய்த்து 20 விநாடி சோப்பால் கை கழுவுவதும், முழங்கை மடிப்பில் இருமுவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும் எல்லோரும் அறிந்தவையே. இன்ஃப்ளுயன்சா அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும் என்பதால், யாரோ படுத்த பிறகு மட்டும் கை கழுவினால் போதாது. காலையில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பெற்றோரின் வேலை நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும், மருந்தில்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகு அனுப்புவதுதான் முறை.

மருந்துகளைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவள். ஆன்டிபயாட்டிக்கால் வைரஸை ஒன்றும் செய்ய முடியாது. வைரஸ் சளியும் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து அம்மருந்தைக் கேட்டு வாங்குவது தவறு. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரும் அபாயம் இருப்பதால், பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமாலின் அளவைக் குழந்தையின் எடையைக் கொண்டு மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்; வேறு பெயரில் உள்ள சளி மருந்திலும் அதே பாரசிட்டமால் கலந்திருக்கக்கூடும் என்பதால் லேபிளைப் படியுங்கள். இருமலுக்குத் தேன் இதமளிக்கும், ஆனால் 1 வயது நிரம்பாத குழந்தைக்குப் பாட்டுலிசம் என்னும் ஆபத்தான நோய் அதனால் வரக்கூடும். கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் பிள்ளைகளை உட்கார வைத்து ஆவி பிடிப்பதால் ஏற்படும் தீப்புண்கள் கொடுமையானவை. மூக்கடைத்த கைக்குழந்தைக்குப் பாலூட்டும் முன் மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டுகளே போதும்.

தெர்மாமீட்டர் காட்டும் எண்ணையே பார்த்துப் பதறுகிறோம். குழந்தையின் மூச்சு அதைவிட அதிகம் சொல்லும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். கைக்குழந்தைகளின் மூச்சு சீராக இருப்பதில்லை. ஆகவே அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காமல் முழு நிமிடமும் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, மூக்கு மடல்கள் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலம் பாய்வது ஆகியவற்றைக் கண்டால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பால் குடிக்க மறுத்தாலும், 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலும், எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தாலும் அப்படித்தான். 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலே அன்றே காட்டிவிட வேண்டும். தேறி வந்த பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் மறுபடி ஏறினால், வைரஸைத் தொடர்ந்து பாக்டீரியாவும் நுரையீரலைத் தாக்கியிருக்கலாம் என்பதால் அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

புறப்படும் முன், எந்த மருந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போயிற்று, எண்ணிய மூச்சு எவ்வளவு என்பதை ஒரு தாளில் குறித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் இவை நினைவுக்கு வருவதில்லை.