ஓசூரில் 11.2, அரூரில் 11.2

ஓசூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11.2 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை கிராம்). அரூரில் இன்னொருவருக்கும் அதே 11.2. இருவருக்கும் எட்டாம் மாதம். கணக்குப்படி அரூர்ப் பெண்ணுக்கு ரத்தசோகை இல்லை, ஓசூர்ப் பெண்ணுக்கு இருக்கிறது. கர்ப்பிணிகளிடம் ரத்தசோகை ஆய்வு எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இப்படிச் சில உண்டு.

காரணம் மேடு பள்ளம்தான். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அரூர் 500-ஐத் தொடாது. உயரம் கூடினால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும், அதை ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், 500 முதல் 999 மீட்டர் வரை வசிப்பவர்களுக்கு 0.4 கிராம் கழிக்கச் சொல்கிறது. 11.2 போய் 10.8 ஆகிவிடும், எட்டாம் மாதத்துக்கான வரம்பான 11-க்குக் கீழே. பழைய அட்டவணையில் கழித்தலே 1000 மீட்டரில்தான் தொடங்கியது. அதனால் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பழைய ஆய்வையும் புதிய ஆய்வையும் அப்படியே பக்கத்தில் வைத்து, "ரத்தசோகை கூடிவிட்டது" என்று எழுதினால் தப்பு. மாவட்ட சராசரி உயரமும் உதவாது. ஒவ்வொரு ஊரிலும் ஜிபிஎஸ்ஸில் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாதக் கணக்கும் இதே போலத்தான் படுத்தும். வரம்பு முதல் மூன்று மாதத்துக்கு 11, நடு மூன்று மாதத்துக்கு 10.5, கடைசியில் மறுபடி 11. நடுவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி வேகமாகப் பெருகுவதால் அளவு தானாகவே இறங்கும். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டால், சிலர் நாள் தள்ளிப்போனதைக் கவனித்த தேதியைச் சொல்வார்கள். நான்கு வாரம் நழுவிவிடும். ஆடிப் பதினெட்டுக்கு முன்னா பின்னா, பொங்கலுக்கு முன்னா பின்னா என்று கேட்டு, ஸ்கேன் தாளோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

இனி விரலில் ரத்தம் எடுப்பது. நடுவிரல் அல்லது மோதிரவிரல், நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். கை குளிர்ந்திருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்குங்கள். ஸ்பிரிட் முழுக்கக் காய வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் நீர்த்துப்போகும். முதல் இரண்டு சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய சொட்டில் குவெட்டை (ரத்தத்தை உறிஞ்சி, அளக்கும் கருவிக்குள் வைக்கும் சின்ன பிளாஸ்டிக் சில்லு) ஒரே மூச்சில் நிரம்ப வேண்டும். பாதி நிரம்பி நின்றால் இன்னொரு சொட்டு வைத்து நிரப்பக் கூடாது, தூக்கிப் போடுங்கள். குமிழி தெரிந்தாலும் அதே கதி. ஆகப் பெரிய தப்பு, விரலைப் பிழிவது. திசுநீர் கலந்து அளவு குறையும், இல்லாத ரத்தசோகை முளைக்கும். சித்திரை வெயிலில் குவெட்டை டப்பாவை வண்டி டிக்கியில் வைப்பதும் ஆகாது. டப்பாவில் போட்டிருக்கும் வெப்ப வரம்பைத் தாண்டினால் அதை நம்ப முடியாது. கை பழகியவர் எடுத்தாலும் சொட்டுக்குச் சொட்டு வித்தியாசம் வரத்தான் செய்யும். முடிந்தால் நரம்பில் எடுத்த ரத்தமே மேல்.

யாரைக் கணக்கில் எடுப்பது என்பது தனித் தலைவலி. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவக்காரர் தாய்வீட்டுக்குப் போய்விடுவார். பிக்மி (கர்ப்பிணிகளைப் பதியும் தமிழக அரசின் இணையப் பதிவேடு) பதிவு புகுந்த வீட்டு ஊரில் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். பதிவேட்டை மட்டும் நம்பினால் எட்டு, ஒன்பது மாதக்காரர்கள் "வீட்டில் இல்லை" என்று விடுபடுவார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பங்களும் அப்படித்தான். எத்தனை பேரைச் சோதிப்பது? பாதிப்பு 50 சதவீதம் என்று வைத்து, 5 சதவீதப் பிழைக்கு 384 பேர்; ஊர் ஊராகத் தேர்ந்தெடுப்பதால் 1.5 மடங்கு, 576. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று சேர்த்தால் 640. விடுபடுகிறவர்கள் எல்லாம் ஒரே மாதத்துக்காரர்களாக இருந்தால் இந்த 640-ம் காப்பாற்றாது.

தர்மபுரிப் பக்கம் இன்னொரு கேள்வி அவசியம்: குடிப்பது போர்த் தண்ணீரா, ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரா? ஃபுளோரைடு நிலத்தடி நீரில் அதிகம் உள்ள மண் இது, ரத்தசோகையோடு அதற்குத் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்கள். "குழாய்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஊர்த் தொட்டியில் இரண்டையும் கலந்து விடும் இடமும் இருக்கலாம். தொட்டி ஆபரேட்டரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.