சுவர் வேண்டாம், கூரை போதும்

2024 ஜனவரியில் ஒரு காலை அம்மாவின் படுக்கையறையில் 13 பாகை. நான் வாங்கிக் கொடுத்த சின்ன வெப்பமானி அப்படித்தான் காட்டியது. அடுத்த முறை போனபோது அதைக் காணவில்லை, அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். "அதைப் பார்த்தாத்தான் பிள்ளை எனக்குக் கூடக் குளிருது."

அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், அந்தப் பழைய வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். ஹீட்டிங்கைப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மட்டும் போடுவார். மற்ற நேரமெல்லாம் இரண்டு சுவெட்டர், மேலே ஒரு சால்வை, மடியில் சுடுதண்ணிப் பை. பின் அறையில் அலுமாரி நிற்கிற மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். ப்ளீச் போட்டுத் துடைத்தால் மூன்று கிழமையில் திரும்பி வந்துவிடும். குசினியில் புட்டு அவித்தால் ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து, தண்ணீர் வழிந்து கீழ்ச் சட்டத்தில் தேங்கி நிற்கும்.

வீட்டைச் சூடாக்க அரசாங்கம் உதவி செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஹைஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தால் வாரத்துக்கு ஒரு துண்டுப் பிரசுரமாவது கையில் திணிப்பார்கள். ஆனால் எங்களுக்குக் கதவைத் திறந்தது அந்தத் துண்டுகள் இல்லை, பென்ஷன் கிரெடிட்.

2024 ஜூலையில் புது அரசாங்கம் வந்த கையோடு, குளிர்கால எரிபொருள் காசு இனிமேல் பென்ஷன் கிரெடிட் மாதிரியான உதவி எடுப்பவர்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்தது. (அடுத்த வருடமே அதை மாற்றி, வருட வருமானம் 35,000 பவுண் வரை உள்ள எல்லா முதியவர்களுக்கும் திரும்பக் கொடுத்தார்கள், அது வேறு கதை.) அம்மாவின் 200 பவுண் போகப்போகிறது. அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். குறிப்பிட்ட ஒரு தொகைக்குக் குறைவாக வருமானம் உள்ள முதியவர்களுக்கு மீதியை நிரப்பிக் கொடுப்பதுதான் பென்ஷன் கிரெடிட். தனி ஆளுக்கு அந்த வருடம் அது வாரம் 218.15 பவுண். அம்மா இந்த நாட்டில் வேலை செய்த வருடங்கள் கொஞ்சம்தான், பென்ஷன் அந்தத் தொகைக்கு எவ்வளவோ கீழே. இத்தனை வருடமும் கேட்காமலே விட்டிருக்கிறோம்.

ஏன் கேட்கவில்லை என்றால், "பாங்கில ஆறாயிரம் கிடக்கு, எனக்குத் தர மாட்டாங்கள்" என்பது ஒன்று. பத்தாயிரம் பவுண் வரைக்குமான சேமிப்பை அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. மற்றது, அது பிச்சைக் காசு என்று கோவிலில் யாரோ சொன்னார்களாம். அந்த இரண்டாவதோடு மல்லுக்கட்டத்தான் ஒரு மாதம் போனது. கடைசியில் செப்டம்பரில் போன் போட்டோம். அரை மணிக்கு மேல் கேள்விகள். வெளிநாட்டில் வீடு, காணி உண்டா என்று கேட்டார்கள், கட்டாயம் கேட்பார்கள். எங்கள் காணி சித்திக்கு எழுதிக் கொடுத்து இருபது வருடமாகிறது, அதை அப்படியே சொன்னோம். அங்கே காணியை வைத்துக்கொண்டு இங்கே இல்லை என்று சொல்கிறவர்களையும் எனக்குத் தெரியும். பிறகு பிடிபட்டால் எடுத்த காசையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

ஒக்டோபர் கடைசியில் கடிதம் வந்தது. அந்த ஒற்றைத் தாளைத்தான் அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் கேட்டார்கள்.

அடுத்தது எக்கோ 4. பெரிய மின்சார, எரிவாயுக் கம்பெனிகள் தங்கள் செலவில் வசதி குறைந்தவர்களின் வீடுகளைத் திருத்த வேண்டும் என்பது அப்போதைய சட்டம். எக்கோ 2013இல் தொடங்கியது, இது அதன் நாலாவது சுற்று. காசு அரசாங்கத்திலிருந்து நேரே வரவில்லை, எல்லோருடைய கரண்ட், எரிவாயு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துதான் இருந்தது. ஆகவே பிச்சை என்று அம்மா திரும்பத் தொடங்கியபோது, "நீங்களும் பில் கட்டித்தான் வந்தனீங்கள்" என்றேன். அது வேலை செய்தது.

துண்டுப் பிரசுரத்திலிருந்த ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன், பெயர் வேண்டாம். அவர்கள் முதலில் அம்மாவின் பெயரையும் பிறந்த திகதியையும் விலாசத்தையும் அரசாங்கப் பதிவோடு ஒப்பிடுவார்கள். இரண்டு நாளில் பதில் வந்தது: பொருந்தவில்லை. நம்மவர்கள் எல்லோருக்கும் வருகிற வியாதிதான். பென்ஷன் பதிவில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. வீட்டு உறுதியில் அம்மாவின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி, அப்பாவின் பெயர் முன்னுக்குப் போய்விட்டது. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் ஒரு ஏ, இன்னோரிடத்தில் இரண்டு. பென்ஷன் கிரெடிட் கடிதம், கவுன்சில் டாக்ஸ் பில், வீட்டுப் பதிவின் பிரதி மூன்றையும் படமெடுத்து அனுப்பினேன். கூடவே இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று ஒரு விளக்கக் கடிதமும். பத்து நாளில் சரி வந்தது. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பெயரை முதலில் இந்த மூன்று தாளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நவம்பரில் மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல பெடியன், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். இரண்டு மணித்தியாலம் நின்றான். லேசர் கருவியால் ஒவ்வொரு அறையையும் அளந்தான், ஒவ்வொரு ஹீட்டரையும் ஜன்னலையும் பொயிலரையும் மீட்டரையும் படமெடுத்தான். பரணுக்குள் தலையை நீட்டி, சூடு வெளியே போகாமல் தடுக்க அங்கே விரித்திருந்த பழைய மஞ்சள் கம்பளியில் அளவுகோலைக் குத்திப் பார்த்தான். ஐம்பது மில்லிமீட்டர். இன்று இங்கே சொல்கிற அளவு 270. பின் அறை மூலையில் ஈரமானியை வைத்தபோது அது கத்தியது.

ஒரு கிழமை கழித்துத் திட்டம் வந்தது. பரணுக்குக் கம்பளி, அது சரி. கூடவே முன்சுவருக்கும் பின்சுவருக்கும் உட்பக்கமாகக் குளிரைத் தடுக்கும் காப்புப் பலகை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இது தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது. பல வீடுகளுக்கு இபிசி என்றொரு சான்றிதழ் உண்டு, வீட்டுக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகும் என்று ஏ முதல் ஜி வரை தரம் பிரிப்பது. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அரசாங்க வெப்சைட்டில் யாரும் பார்க்கலாம். அம்மாவின் வீடு ஈ, 52 புள்ளி. எக்கோ 4இன் விதிப்படி டி, ஈ வீடுகளைச் சி ஆக்க வேண்டும், எஃப், ஜி வீடுகளை டி ஆக்க வேண்டும். சி என்றால் 69 புள்ளி. பரணில் கம்பளி போட்டு மட்டும் 52இலிருந்து 69க்குப் போக முடியாது. வீட்டுச் சுவரோ ஒன்பது அங்குலக் கட்டிச் சுவர், பின்னால் வந்த வீடுகள் மாதிரி நடுவில் வெற்றிடம் இல்லை, உள்ளே எதையும் ஊதி நிரப்பவும் முடியாது. (வெளியே நின்று பார்த்தாலே தெரியும்: ஒரு நீளக் கல், ஒரு குட்டைக் கல் என்று மாறி மாறி வந்தால் கட்டிச் சுவர்.) ஆகவே உள்ளேயோ வெளியேயோ ஒட்டத்தான் வேண்டும். எவ்வளவு புள்ளி கூடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் கம்பெனிக்கும் காசு.

ஒட்டினால் அறை ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் சுருங்கும். ஹீட்டர், பிளக், ஜன்னல் விளிம்பு எல்லாம் கழற்றிப் பூட்ட வேண்டும். சாமிப்படத் தட்டு அடித்திருப்பதும் அந்தச் சுவரில்தான். இதற்கெல்லாம் அம்மா சம்மதித்திருப்பார். அவர் கேட்டது வேறு. பின்சுவரின் வெளிப்பக்கம் பீலி உடைந்து, மழைத் தண்ணீர் வழிந்து, செங்கல்லில் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது. வருடக்கணக்காக அப்படித்தான்.

"பீலியை ஆர் திருத்துறது?"

போனில் நான் கேட்டேன். அது திட்டத்தில் இல்லை என்றார்கள்.

"அப்ப ஈரச் சுவரை உள்ளுக்கால மூடினால், உள்ளுக்க என்ன நடக்குது எண்டு ஆர் பாக்கிறது?"

அதற்கும் பதில் இல்லை. சுவர் வேண்டாம், பரண் மட்டும் செய்யுங்கள் என்றோம். அப்படி முடியாது, செய்தால் முழுவதும், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த விதி உண்மைதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குள் ஆறு தரம் போன் வந்தது. இந்த மாதம் விட்டால் இனி வராது, பக்கத்துத் தெருவில் எல்லோரும் போட்டுவிட்டார்கள், அது இது என்று. கடைசி போனில் அம்மாவே பேசினார். "நோ தேங்க் யூ" என்று மட்டும் நாலு தரம் சொல்லிவிட்டு வைத்தார்.

எனக்கு அம்மாவில் கோபம். இனாமாக வந்ததை உதறிவிட்டாரே என்று. இரண்டு கிழமை அந்தக் கோபத்தோடே இருந்தேன்.

2025 ஜனவரி 23ஆம் திகதி செய்தி வந்தது. எக்கோ 4இலும் அதன் தம்பித் திட்டத்திலும் கட்டிச் சுவர்களுக்குப் போட்ட காப்பில் பெரிய குறைகள், 39 கம்பெனிகள் இடைநிறுத்தப்பட்டிருக்கின்றன என்று அரசாங்கமே சொன்னது. அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் ரீ போட எழுந்து போனார்.

அந்தக் கிழமையே 90 பவுண் கொடுத்துப் பீலியைத் திருத்தினோம். சொந்தக் காசு. இவ்வளவு நாளும் இதைச் செய்யாமல் விட்டது என் பிழை.

பிறகு அந்தத் தம்பித் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஸ்கீம் என்று பெயர். அதில் பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒரு வேலைதான், சி ஆக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. எங்களுக்கு அதுவே தேவைப்பட்டது. இந்த முறை துண்டுப் பிரசுரம் இல்லை, அரசாங்க வெப்சைட்டில் இருந்த படிவத்தை நிரப்பி, எந்த மின்சாரக் கம்பெனி தொடர்புகொள்ள வேண்டும் என்றும் தெரிவுசெய்தேன். இதற்கும் வேறொரு மதிப்பீட்டாளர் வந்து, அதே படங்களைத் திரும்ப எடுத்தார். பெயர்ப் பிரச்சினையும் திரும்ப வந்தது. மூன்று தாளும் கையில் இருந்ததால் அன்றைக்கே முடிந்தது.

ஏப்ரலில் வேலை. அதற்கு முன் பரணை வெறுமையாக்க வேண்டும், அது நம்முடைய பொறுப்பு. நானும் மகனும் ஒரு சனிக்கிழமை முழுக்க இறக்கினோம். இடியப்ப உரல் இரண்டு. கசெட் பெட்டி. அப்பா கட்டி வைத்த பழைய தமிழ்ப் பேப்பர்க் கட்டுகள். கடைசி மூலையில் நாலு பெரிய சூட்கேஸ், பூட்டியபடி. 2002இல் இலங்கையில் சமாதானம் வந்தபோது ஊருக்குத் திரும்பிப் போகவென்று அப்பா வாங்கியவை. திறந்தால் உள்ளே துவாய்கள், விலைச்சீட்டு கழற்றாத சேட்டுகள், ஒரு ரோர்ச் லைட். பரணில் கனத்த கம்பளி போட்ட பிறகு அதன்மேல் சாமான் வைக்கக்கூடாது, அமுங்கினால் பயன் குறைந்துவிடும். சூட்கேஸ்கள் இப்போது என் வீட்டு விறாந்தையில் நிற்கின்றன.

வேலைக்காரர் இரண்டு பேர், அரை நாள். மரச் சட்டங்களுக்கு நடுவே 100 மில்லிமீட்டர், குறுக்காக மேலே 170. கூரையின் ஓரத்தில் மட்டும் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும், அதை மூடிவிட்டால் கூரை மரம் ஊறிப்போகும். நான் டோர்ச்சோடு ஏறிப் பார்த்தேன், விட்டிருந்தார்கள். ஆனால் பரண் வாசல் மூடியின் முதுகில் ஒன்றும் ஒட்டவில்லை. கேட்டதும் ஒட்டிக் கொடுத்தார்கள், கேட்காவிட்டால் அப்படியே போயிருப்பார்கள்.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான். வீட்டை மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும் என்பதால், குசினிக்கும் குளியலறைக்கும் புது விசிறி பூட்டினார்கள். எப்போதும் மெதுவாகச் சுற்றும், அணைக்கக்கூடாது. அப்புறம் உள்கதவுகளைக் கழற்றி அடியில் ஒரு சென்ரிமீட்டர் சீவினார்கள், அறைக்கு அறை காற்றுப் போக. முப்பது வருடமாகக் கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்துக் காற்றை மறித்த மனுஷி, தன் கண்முன்னே கதவை அறுப்பதைப் பார்த்து நின்றார். "குளிரைப் போக்க வந்தவன் கதவை வெட்டுறான்."

விசிறி ஐந்து வாட், வருடம் முழுக்க ஓடினாலும் 12 பவுண்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சரி என்றார். அடுத்த முறை போனபோது சுவிட்ச் அணைந்திருந்தது. இப்போது அந்தச் சுவிட்சில் டேப் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு பென்னி கட்டவில்லை. உத்தரவாதச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது, அச்சடித்து உறுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன். இபிசி பதிவில் வீடு இன்னும் ஈ, 52 என்றே இருக்கிறது, யாரும் புதிதாக எடுக்கவில்லை. பரவாயில்லை.

ஒக்டோபரில் தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை வந்தது. இந்த இரண்டு திட்டங்களிலும் வெளிச்சுவர்க் காப்புப் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்தியே ஆகவேண்டிய பெரிய குறைகள், உட்சுவரில் 29 சதவீதம். எங்களுக்குச் சொன்னது உட்சுவர்தான், நூற்றில் எழுபது வீடுகள் நல்லாயும் வந்திருக்கலாம். அதையும் அம்மாவிடம் சொன்னேன். "பீலி உடைஞ்ச வீடு எந்தக் கணக்கில வரும்?" என்று கேட்டார்.

போன கிழமை, வெளியே உறைபனி கிடந்த காலையில் போனேன். படுக்கையறையில் 16 பாகை. வெப்பமானி இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில், முகம் தெரிய நிற்கிறது. பின் அறை மூலை காய்ந்திருக்கிறது, பூஞ்சணம் நின்ற இடத்தில் மங்கலாக ஒரு கறை மட்டும். குசினிக் கண்ணாடி தெளிவாக இருந்தது, அடுப்பில் புட்டு. கதவடியில் பழைய சேலை சுருட்டி வைத்திருந்தது. எடுத்துக் கதிரையில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் பஸ் ஏறுவதற்கு முன்னமே அது திரும்பக் கதவடிக்குப் போயிருக்கும்.