தெர்மாகோல் துருவலில் வார்த்த கல்

மாடியில் ஓர் அறையைத் தடுக்க வேண்டியிருந்தபோது, பழைய தளத்தின் மேல் செங்கற்சுவரின் பாரத்தை ஏற்றத் தயங்கினேன். வீட்டுச் சாமான் கடைகள் கழித்துப்போடும் தெர்மாகோலைத் துருவிக் கல் வார்க்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றியது. தெர்மாகோல் என்றாலே மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். நீர் ஆவியாவதைத் தடுக்க 2017இல் வைகை அணையில் மிதக்கவிட்ட அட்டைகளைக் காற்று கரையொதுக்கிய காட்சி இன்னும் எவருக்கும் மறக்கவில்லை. அன்று அதைப் பறக்கவைத்த குணமே, அதாவது கன அளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றாக இருப்பதே, கல்லுக்கு நன்மையாகிறது: எடை குறைகிறது, வெயிலின் சூடும் எளிதில் உள்ளே இறங்குவதில்லை.

கலவைதான் சோதனை. தெர்மாகோலில் தண்ணீர் ஒட்டாது. என் முதல் வார்ப்பில் சிமெண்ட் அடியில் தங்கிவிட, வெள்ளை மணிகள் பொரியுருண்டை போல மேலே பிரிந்து நின்றன. அடுத்த முறை சிமெண்டைக் கெட்டியாகக் கரைத்து, மணிகளை அதில் புரட்டி, ஒவ்வொன்றின் மேலும் சாம்பல் நிறம் படிந்த பின்னரே மணலைச் சேர்த்தேன். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கும் பதம் போதும்.

மறுநாள் அச்சைக் கழற்றி, ஈரச்சாக்கு போர்த்தி 14 நாள் வைத்திருந்தேன். 3 கிலோ செங்கல்லின் அளவில் வார்த்த கல், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நின்றது. கூரையின் பாரத்தை இதன்மேல் ஏற்றக்கூடாது; தெர்மாகோல் தீயில் உருகுமாதலால் இருபுறமும் சிமெண்ட் பூச்சு கட்டாயம். துருவலைக் காற்றில்லாத இடத்தில் செய்யுங்கள். எங்கள் வாசற்கோலத்தில் இரண்டு நாள் வெள்ளை மணிகள் கிடந்தன.