போய்ச் சேருமா?

ஏப்ரல் 29, செவ்வாய்

மீனாட்சி கோயிலில் கொடி ஏறிவிட்டது. அத்தைக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. மத்தியானம் மறுபடியும் அதே கேள்வி: "வைதரணியில பிடிக்க மாட்டு வாலு கெடைக்குமாப்பா?"

செத்தவர் யமபட்டணம் போகிற வழியில் கடக்க வேண்டிய ஆறு வைதரணி. அதைத் தாண்டக் கருட புராணம் சொல்கிற கோதானம், அதாவது பசுத் தானம், லேசானதல்ல. கறுப்புப் பசு, கொம்புக்குப் பொன் பூண், குளம்புக்கு வெள்ளி, பால் கறக்க வெண்கலப் பாத்திரம். கூடவே கரும்பைக் கட்டித் தெப்பம் செய்து நீரில் விட்டு, வாலைப் பிடித்தபடி தாரை வார்க்க வேண்டும். ஆற்றின் அகலம் 100 யோசனை (அந்தக்காலத்துத் தூர அளவு). இப்போது பெரும்பாலான வீடுகளில் ஒரு தேங்காயும் தட்சணையுமாக முடித்துவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தானத்தை மூச்சு இருக்கும்போதே, தன் கையால் கொடுப்பதுதான் முறை. பதினாறாம் நாள் மகன் கொடுப்பது இரண்டாம் பட்சம்தான்.

மே 1

பால் இரண்டு கரண்டி. அதோடு சரி.

மே 2, வெள்ளி

செத்தவருக்குப் பத்து நாள் வைக்கிற சோற்று உருண்டையை, பிண்டத்தை, வெறும் சடங்கு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். கருட புராணம் அதைப் போன உயிருக்கு உடம்பு கட்டுகிற வேலையாகத்தான் சொல்கிறது. முதல் நாள் உருண்டையில் தலை. இரண்டில் கழுத்தும் தோளும். மூன்றில் நெஞ்சு, நான்கில் முதுகு, ஐந்தில் தொப்புள், ஆறில் இடுப்பு, ஏழில் தொடை, எட்டில் முழங்கால், ஒன்பதில் பாதம். பத்தாம் நாள் பசியும் தாகமும். உடம்பு முழுதாக வந்தபிறகுதான் பசிக்கிறது. அந்த வரிசையை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். பிறகு 86,000 யோசனை நடை, வழியில் 16 ஊர், யமபட்டணம் போய்ச் சேர ஒரு வருஷம். மாதாமாதம் செய்கிற மாசிகமும் வருஷத் திதியும் அந்த வழிக்குக் கட்டிக்கொடுக்கிற சோறு.

இப்போது பத்தையும் பத்தாம் நாளில் ஒரே உட்காரலில் வைக்கிறார்கள். விடுப்பு இல்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் அவசரத்தில் எண்ணிக்கை தப்பிப்போய் ஒன்பதோடு எழுந்துவிடுவதும் நடக்கிறது. சேர்த்து வைத்தாலும் எண்ணி வைக்க வேண்டும்.

இத்தனையும் எதன்மேல் நிற்கிறது? இங்கே இருப்பவன் செய்வது அங்கே போனவருக்குப் போய்ச் சேரும் என்ற ஒன்றின்மேல். நரகத்து எண்ணெய்க் கொப்பரை பெரும்பாலான மதங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மதங்கள் பிரிகிற இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலைப் பாறையைக் காலை எட்டு மணிக்கே தொட முடியாது.

அந்த மலையில் இருந்த சமணர்களின் நரகத்துக்கு நீதிபதி இல்லை. யமனும் இல்லை, சித்திரகுப்தனும் இல்லை. வினைதான் எடை, வினைதான் தராசு. ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு நிலம். மேலே உள்ளவை கொதிக்கும், அடியில் உள்ளவை குளிரில் உறையும். வெட்டுப்பட்ட உடம்பு சிதறிய பாதரசம்போல் மறுபடி ஒன்றுகூடும், தவணை முடியாமல் சாவும் வராது. முதல் நிலத்தில் குறைந்தது 10,000 வருஷம். ஆனால் எந்த நிலத்துக்கும் தவணை உண்டு. மகாவீரரைப் பணிந்த சிரேணிக மன்னன் இப்போது முதல் நரகத்தில் இருக்கிறான். அங்கிருந்து வெளியே வந்து அடுத்த காலச் சுற்றில் சமணர் வணங்கும் குருமார்களில், தீர்த்தங்கரர்களில், முதல்வர் ஆவான். நரகத்தில் இருப்பவனை வருங்காலக் கடவுளாக வணங்குகிற மனசு பெரிது.

ஆனால் மகன் வைக்கிற பிண்டம் அங்கே ஒரு அங்குலமும் நகராது. இதை அத்தையிடம் சொல்லவில்லை.

மே 5

"கடனோட போகக்கூடாது" என்றார். யாருக்கு எந்தக் கடன் என்று சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

கோரிப்பாளையத்தில் ஒரு ஜனாஸா, முஸ்லிம் வீட்டு அடக்கம். சவத்தைச் சுற்றும் கபன் ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. வலப்பக்கம் சாய்த்து, முகம் கிப்லாவை, மக்கா இருக்கும் திசையை, பார்க்க வைக்கிறார்கள். மண் தள்ளியபிறகு ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதினார். மய்யித்தை, அதாவது இறந்தவரை, தாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கல்லறையில் விசாரிக்கும் வானவர்கள் முன்கரும் நகீரும் வந்து கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எடுத்துக்கொடுப்பது. உன் இறைவன் யார், மார்க்கம் எது, நபி யார். இதற்கு ஆதாரம் இல்லை என்று, குர்ஆனிலும் நபிவழியிலும் இல்லாததை ஏற்காத தவ்ஹீத்காரர்கள் செய்யமாட்டார்கள். அது அவர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு.

தொழுகைக்கு முன் வாரிசு எழுந்து நின்று, இவர் யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னார். இரண்டு தீனார் கடன் வைத்து இறந்தவருக்குத் தொழவைக்க நபிகள் நாயகம் முன்வரவில்லை. நான் பொறுப்பு என்று தோழர் அபூ கதாதா சொன்னபிறகுதான் தொழவைத்தார். கடனைக் கொடுத்துத் தீர்த்த செய்தி வந்ததும், இப்போதுதான் அவர் தோல் குளிர்ந்தது என்றாராம்.

ஆக, இங்கே கடன் போய்ச் சேரும். இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 8

திருக்கல்யாணம். தெருவெல்லாம் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள். அத்தை கண்ணே திறக்கவில்லை.

மே 9, வெள்ளி

கிறிஸ்தவத்துக்குள்ளேயே இரண்டு சபைகள். கத்தோலிக்கரிடம் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. அங்கே வேகிற ஆத்துமாவுக்கு இங்கே வைக்கிற பூசை போய்ச் சேரும், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அதற்குத்தான். சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசுவதை அந்தக்காலத்தில் அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. புராட்டஸ்டண்ட் பக்கத்து சி.எஸ்.ஐ.காரர்கள் செத்தவருக்காக ஜெபிப்பதில்லை. பைபிள் கதையில் நரகத்தில் கிடக்கிற ஐசுவரியவானுக்கும் கரையேறிய ஏழை லாசருவுக்கும் நடுவே பெரும்பிளப்பு இருக்கிறது, இங்கிருந்து அங்கே எதுவும் கடக்காது.

நித்திய நரகம் கிறிஸ்தவர்களிடம் மட்டும் என்பது தப்பு. வைணவ ஆச்சாரியர் மத்வரின் துவைதத்திலும் மீளவே முடியாத அந்ததமசு என்ற இருள் நரகம் உண்டு.

மே 10

இன்று ஒருவர் நலம் விசாரிக்க வந்து, நோயாளி காதில் கும்பிபாகம் என்ற நரகம் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். கொதிக்கிற எண்ணெய், அதில் புரளுகிற ஆள். அவர் போனபிறகு அத்தையின் கை நிற்காமல் நடுங்கியது. எப்படி மனசு வந்தது? அப்பன் ஆத்தா பிள்ளையை வளார்க் குச்சியால் அடிப்பதும் பரிவுதான், ஈசன் கோபமும் அதுபோல என்று சைவ சித்தாந்த ஆசான் அருணந்தி சிவாச்சாரியார் எழுதியிருக்கிறார். அதைத்தான் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். கேட்டாரா தெரியாது.

மே 11, ஞாயிறு

மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை. அழகர் மலையை விட்டு இறங்குமுன் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் நகைப் பட்டியலை வாசிப்பார்கள். அங்கே உருவம் கிடையாது, சந்தனம் பூசிய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்கு முன் செய்கிற சத்தியத்துக்கு வாய்தாவும் இல்லை, மறுமையும் இல்லை. பொய் என்றால் இந்தப் பிறப்பிலேயே, இல்லாவிட்டால் பிள்ளைகள்மேல். புண்ணியம் போய்ச் சேருமா என்று நூல்களெல்லாம் அடித்துக்கொள்கின்றன. பாவம் போய்ச் சேரும் என்பதில் கருப்புக்குச் சந்தேகமே இல்லை.

ராத்திரி அத்தை சொன்னார்: "அந்தக் கதவு முன்னாடி நான் சொன்னது பொய்யிப்பா."

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி, பாவ புண்ணியக் கணக்கு எழுதும் சித்திரகுப்தனுக்கு விரதம். உப்பில்லாச் சாப்பாடு. சித்திரகுப்தன் பசு வயிற்றில் பிறந்தவன், அதனால் பசும்பால் ஆகாது. அத்தைக்கு இன்று எருமைப்பால், மூன்று கரண்டி இறங்கியது. வாசலில் கோலம், பக்கத்தில் நோட்டும் பேனாவும். "மலையளவு புண்ணியம், கடுகளவு பாவம்" என்று எழுதுவது வழக்கம்.

கடுகளவு என்று எழுதவேண்டாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: வடக்கு வரப்பு, நாலு சென்ட், தள்ளி நட்ட கல். யாருடைய நிலம் என்பதும்.

மே 13, செவ்வாய்

தேனூர் மண்டபத்தில் இன்று, தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு அழகர் கொடுக்கும் சாப விமோசனம். அந்த வரப்புக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரன் ஒத்தக்கடையில் இருக்கிறாராம். அத்தைக்கு மூச்சு இழுக்கிறது, ஆனால் நினைவு இருக்கிறது. பத்திரத்தையும் நோட்டையும் எடுத்து வைத்தாயிற்று, விடியுமுன் முதல் பஸ்