‘கணக்கை மூடுங்கள்’ என்று எழுதியதுதான் நான் செய்த தப்பு

மூன்றாவது முறைதான் கதவு உண்மையில் சாத்தியது. முதல் இரண்டு தடவையும் சாத்திவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். ஆன்லைன் சூதாட்டத்தை விடுவது மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயம் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் என்னை அதிகம் படுத்தியது சாட் பெட்டியும் ஆவணம் பதிவேற்றும் பக்கமும்தான். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு இரண்டு வாரமாவது மிச்சமாகும்.

நான் உள்ளே போன கதையில் புதிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் போனில் ஸ்லாட், அதாவது பணம் கட்டிப் பொத்தானை அழுத்தி உருளைகளைச் சுற்றவிடும் ஆட்டம். சினிமாவுக்குப் போனால் ஆகும் செலவை ஒதுக்கி வைத்து, போனால் போகட்டும் என்று ஆடுவது. இரண்டு வருஷம் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒரு ராத்திரி பெரிதாக அடித்தது. அதோடு பொழுதுபோக்கு போய், விட்டதைப் பிடிக்கும் வேலை வந்து சேர்ந்தது. கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்று 1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. அவர்களிடம் இருபது கேள்விகள் கொண்ட பட்டியல் உண்டு. சூதாட்டத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஏழுக்காவது ‘ஆமாம்’ சொல்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. எனக்குப் பதினொன்று. தோற்றதும் உடனே திரும்பிப் போய் மீட்க வேண்டும் என்று தோன்றியதுண்டா என்ற கேள்வியைப் படித்தபோது, பக்கத்து ஜன்னலில் ஆட்டம் திறந்தே இருந்தது.

சரி, மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். பணம் போடும் பொத்தான் பச்சை நிறத்தில் எல்லாத் திரையிலும் இருக்கும். வெளியே போகும் வழியைத் தேடினால் மெனு, என் கணக்கு, அமைப்புகள், பொறுப்பான ஆட்டம் என்று நாலு படி இறங்க வேண்டும். அங்கே ஒரு நீளமான அறிவுரைக்கு அடியில் பொடி எழுத்தில் ‘எங்களைத் தொடர்புகொள்ளவும்’. சாட்டைத் திறந்தேன். முதலில் ரோபோ, கால் மணி நேரம் கழித்து ஒரு மனிதர். “என் கணக்கை மூடுங்கள்” என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார். “நேரமில்லை” என்றேன். வெட்கம்தான், வேறென்ன. “போவதற்கு முன் இருபத்தைந்து இலவசச் சுற்றுகள் தரட்டுமா, சார்?” என்றார். வேண்டாம் என்றதும் ஐந்தே நிமிஷத்தில் மூடிக் கொடுத்துவிட்டார். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது, உங்களைக் காணவில்லையே என்று. அதே இருபத்தைந்து சுற்றுகள். பழைய பாஸ்வேர்டைப் போட்டேன், ‘கணக்கைத் திறக்கவா?’ என்று கேட்டது, திறந்தேன். மணி ராத்திரி ஒன்று. ஆவணம் கேட்கவில்லை, காரணம் கேட்கவில்லை, கால் மணி நேரம் காக்கவும் வைக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. கணக்கை மூடுவது என்பது சும்மா ஒரு வாடிக்கையாளர் விலகுவது; நினைத்த நேரத்தில் திரும்பலாம், விளம்பரமும் வரும். செல்ஃப் எக்ஸ்குளூஷன், அதாவது சுயவிலக்கு, வேறு சமாச்சாரம். நீங்கள் குறித்த காலம் முடியும் வரை நீங்களே கெஞ்சினாலும் திறக்கக் கூடாது, போனஸ் ஆசை காட்டியும் எழுதக் கூடாது. ஒழுங்கான உரிமம் உள்ள இடங்களில் விதி இதுதான். இரண்டுக்கும் நடுவில் ‘டைம் அவுட்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாளோ ஒரு வாரமோ பூட்டு, அப்புறம் தானாகவே திறந்துகொள்ளும். என் இரண்டாவது முயற்சியை விழுங்கியது அதுதான். சுயவிலக்கு என்றுதான் கேட்டேன். “அது கொஞ்சம் கடுமையானது சார், முதலில் ஒரு வாரம் இடைவெளி எடுத்துப் பாருங்களேன்” என்று வேறொருவர் இதமாகச் சொன்னார். ஒப்புக்கொண்டேன். எட்டாம் நாள் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே உள்ளே இருந்தேன்.

அந்த வாரங்களில் ஆடியதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று உருளைகளில் இரண்டில் ஏழு நிற்கும். மூன்றாவதில் ஏழு கோட்டுக்கு ஒரு நூலிழை மேலே வந்து நின்றுவிடும். ‘அட, கொஞ்சத்தில் போச்சே’ என்று தோன்றும். உருளைச் சத்தம் அடங்குவதற்குள் கட்டைவிரல் அடுத்ததை அழுத்தியிருக்கும். கொஞ்சத்திலெல்லாம் போகவில்லை. பொத்தானை அழுத்திய கணத்திலேயே ரேண்டம் எண் ஒன்று விழுந்து முடிவு ஆகிவிடுகிறது, உருளை சுற்றுவது வெறும் காட்சி. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம், முழு ஆட்ட வரலாற்றைக் கேட்டு வாங்கியது. ஆப்பில் முப்பது நாள்தான் தெரிந்தது. எழுதிக் கேட்டு, நினைவூட்டி, நாலாம் நாள் ஃபைல் வந்தது. நீங்களும் கேளுங்கள், கண்டிப்பாக. போனது இவ்வளவு என்று மனசுக்குள் வைத்திருந்த தொகை, ஃபைலில் இருந்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைவிட ‘வெற்றி’ என்ற பத்திதான் கோபத்தைக் கிளப்பியது. இருபது காசு கட்டி ஆறு காசு திரும்பி வந்தால் அதுவும் வெற்றி. இசை அடித்து, நட்சத்திரம் கொட்டி, நான் சந்தோஷப்பட்ட ‘வெற்றிகளில்’ பெரும்பாலானவை இப்படிப் பதினாலு காசு தோற்றவை.

ஆட்டத்தின் விவரப் பக்கத்தில் 96 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று போட்டிருப்பார்கள். நூறு கொண்டுபோனால் நாலுதான் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நாலு ஒவ்வொரு சுற்றிலும் கட்டும் பணத்துக்கு, அதுவும் நீண்ட கால சராசரியில். ஆறு விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று. சுற்றுக்கு ஒன்று கட்டினாலும் 600 கட்டுகிறோம். சராசரியாக 24 போகும். வேகச் சுற்றைத் தட்டி மூன்று விநாடி ஆக்கினால் 48. நான் எப்போதும் வேகச் சுற்றில்தான் ஆடினேன்.

இனி பணத்தை எடுத்த கதை. டைம் அவுட் முடிந்த வாரத்தில் ஒரு நாள் பேலன்ஸ் நன்றாக ஏறியிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று வித்ட்ரா கொடுத்தேன். இத்தனை வருஷம் விரல் ரேகையை மட்டும் பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டவர்களுக்கு அன்றைக்குத்தான் நான் யார் என்ற சந்தேகம் வந்தது. அடையாள அட்டை, முகவரிச் சான்று, நடு எண்களை மறைத்த கார்டு படம். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நிராகரிப்பு: அட்டையின் ஒரு மூலை படத்தில் இல்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடி நிராகரிப்பு: முகவரி பில் மூன்று மாதத்துக்கு மேல் பழையது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா?

பரிசோதனையில் இருக்கும் அந்தப் பணத்துக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது: ‘ரத்து செய்து ஆட்டத்தைத் தொடர’. பணம் வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை, பொத்தான் மட்டும் கண் எதிரே மினுக்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் இரவு அழுத்தினேன். பாதி போனது. பிரிட்டனில், எடுக்கக் கொடுத்த பணத்தை இப்படி ரத்து செய்யும் வசதியையே எல்லா ஆன்லைன் சூதாட்டத்திலும் தடை செய்திருக்கிறார்கள். 2021 அக்டோபர் 31 முதல் அமலுக்கு வந்த அந்த விதிகளில், ஸ்லாட்டில் ஒரு சுற்று 2.5 விநாடிக்குக் குறையக் கூடாது, கட்டியதற்கு மேல் வராததை இசையோடு கொண்டாடக் கூடாது என்பதும் உண்டு. என்னை விழுங்கிய மூன்றும் ஒரே பட்டியலில் இருந்ததைப் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மிச்சப் பாதிக்கு, மறுபடி வித்ட்ரா கொடுத்த கையோடு சாட்டில் போய், “இந்த வித்ட்ராவை ரத்து செய்ய முடியாதபடி பூட்டுங்கள்” என்று கேட்டேன். பூட்டினார்கள்! அப்படி ஒரு வசதி இருப்பதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, கேட்டால் மட்டும் கிடைக்கிறது. ஆவணங்களையோ பணம் கட்டும்போதே, கணக்கு காலியாக இருக்கும்போதே சரிபார்த்து வைத்துவிடுங்கள்.

பணம் வங்கிக்கு வந்த அன்றே மூன்றாவது முயற்சி. இதற்குள் ஓர் உதவி எண்ணில் பேசியிருந்தேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன்: “சூதாட்டம் என் கட்டுப்பாட்டை மீறிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு என்னைச் சுயவிலக்கில் வையுங்கள். டைம் அவுட் வேண்டாம், கணக்கை மூடுவதும் வேண்டாம்.” எதிர்முனையில் சட்டென்று தொனி மாறியது. இலவசச் சுற்று இல்லை, இதமான ஆலோசனை இல்லை. ஆறு மாதமா, ஒரு வருஷமா, ஐந்தா என்று மட்டும் உறுதி கேட்டார்கள். ஆறு மாதம் என்று எழுதக் கை போனதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உறுதி மெயிலையும் சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன்.

அடுத்தது வங்கி. கவுண்டரில் போய், சூதாட்டத் தளங்களுக்குக் கார்டு போகாதபடி தடுக்க வேண்டும் என்றேன். “எந்தக் கடை, பெயர் சொல்லுங்க” என்றார். எல்லாக் கடையும் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியெல்லாம் முடியாது, வேண்டுமானால் கார்டையே முடக்கலாம் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வங்கியின் சொந்த ஆப்பிலேயே அதற்கு ஒரு சுவிட்ச் இருந்தது. கார்டு வணிகர்களுக்கு நாலு இலக்க வகை எண் உண்டு. சூதாட்டத்துக்கு 7995. அதைத்தான் அந்த சுவிட்ச் தடுக்கிறது. கவுண்டரில் நின்று கதை சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஓட்டை ஒன்று உண்டு: பணத்தை முதலில் ஈ-வாலெட்டில் ஏற்றி அங்கிருந்து கட்டினால் வங்கிக்கு வாலெட் மட்டும்தான் தெரியும். ஆகவே வாலெட்டையும் மூடினேன்.

போனில் பெட்பிளாக்கர் என்ற இலவசத் தடுப்பு ஆப்பைப் போட்டேன். அதற்கு முன்பே ஆப் ஸ்டோர் பாஸ்வேர்டைத் தங்கையிடம் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். “அண்ணா, நடுராத்திரியில கேட்டாலும் தரமாட்டேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது” என்றாள். மூன்றாம் நாளே கேட்டேன். தரவில்லை. கோபித்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போனது சுலபமாக முடிந்தது. அவர் முதலில் கேட்டது, பார்க்கின்சனுக்கோ, இரவில் கால் நிலைகொள்ளாமல் தவிப்பதற்கோ மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. பிராமிபெக்ஸோல் போன்ற மருந்துகளே சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடுமாம். எனக்கு அந்தச் சாக்கு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் இதைப் போதைப் பழக்கங்களின் வரிசைக்கு மாற்றிவிட்டது, ஒன்பது அறிகுறிகளில் ஒரு வருஷத்துக்குள் நாலு இருந்தாலே கணக்கு என்றார். ஆறு தேறினேன். இப்போது வாராவாரம் ஆலோசகரிடம் போகிறேன்.

முடிந்தது என்று பார்த்தால், அதே நிறுவனம் வேறு பெயர்களில் வேறு தளங்களும் நடத்துகிறது. என் விலக்கு ஒரு பெயருக்குத்தான் பதிவாகியிருந்தது. பிரிட்டனில் கேம்ஸ்டாப், ஸ்வீடனில் ஸ்பெல்பௌஸ், ஆஸ்திரேலியாவில் பெட்ஸ்டாப் என்று ஒரே பதிவில் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் தளத்தையும் அடைக்கும் வசதி இருக்கிறது. இருக்கும் இடத்தில் வசிப்பவர்கள் முதலில் அங்கே போய்விடுங்கள். இல்லாதவர்கள் என்னைப் போல ஒவ்வொன்றாக எழுத வேண்டியதுதான். தளத்தின் அடியில் பொடி எழுத்தில் நிறுவனப் பெயர் இருக்கும், அதை வைத்து மற்றவற்றைத் தேடலாம். தேடும் வேலையை நீங்கள் செய்யாமல் வேறொருவரிடம் கொடுங்கள். எனக்குத் தங்கைதான் தேடிக் கொடுத்தாள்.

மூன்று பெயர்களுக்கு எழுதி உறுதி வாங்கிவிட்டேன். நேற்று நாலாவது பெயரிலிருந்து ஐம்பது இலவசச் சுற்றுகள் வந்தன. அதே மூன்று வாக்கியங்களை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.