மேடைக்குப் பின்னால் விசில் அடிக்காதே

லண்டன் நாடக அரங்குகளில் மேடைக்குப் பின்னால் யாராவது விசில் அடித்தால் பழைய ஆட்கள் பதறிப்போய் நிறுத்தச் சொல்வார்கள், அபசகுனமாம். இதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்தில் காட்சித் திரைகள் மேடைக்கு மேலே பரண் மாதிரி ஓர் இடத்திலிருந்து கயிற்றில் தொங்கும், அவற்றை ஏற்றி இறக்க முடிச்சும் கப்பியும் தெரிந்த கப்பலாட்களை வேலைக்கு வைத்தார்கள், கப்பலில் போலவே இங்கேயும் விசில்தான் சைகை என்பார்கள். கீழே நடிகர் ஒருவர் சும்மா ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டு நடந்தால், மேலே இருப்பவர் அதை உத்தரவு என்று நினைத்துக் கயிற்றைத் தளர்த்திவிடுவார். எடைக்குக் கட்டியிருக்கும் மணல் மூட்டை நேரே தலையில்!

இப்போது சைகை கொடுக்க ஹெட்செட் வந்துவிட்டது, தடை மட்டும் அப்படியே இருக்கிறது.

மேடையேறப் போகும் நடிகரை ஆங்கிலத்தில் 'கால் உடையட்டும்' (break a leg) என்று வாழ்த்துவதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நேராக வாழ்த்தினால் கண் பட்டுவிடும் என்ற பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தாலியில் 'ஓநாயின் வாய்க்குள்' என்பார்கள், கேட்டவர் சொல்லும் மறுமொழி 'ஓநாய் சாகட்டும்'.

அப்புறம் பேய் விளக்கு. எல்லோரும் போனபின் மேடை நடுவில், ஒரு கம்பத்தின் தலையில், கம்பிக்கூடு போட்ட ஒரே ஒரு பல்ப் விடியும்வரை எரியும். பேய்களுக்காக என்பார்கள். இருட்டில் முதலில் வருபவர் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் விழக்கூடாதே, அதற்கும்தான். 2020 மார்ச் 12 அன்று கொரோனாவால் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் மூடப்பட்டபின் பல காலி அரங்குகளில் இந்த விளக்கு மாதக்கணக்கில் எரிந்தது. அப்படி எரிந்த ஒரு விளக்கின் படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.