எம்.பி.ஏ. விண்ணப்பம்: ‘ஏன் எங்கள் கல்லூரி?’ எழுதும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கும் நம் ஆட்கள், ‘ஏன் எங்கள் கல்லூரி?’ என்ற விண்ணப்பக் கேள்விக்கு எழுதும் எஸ்ஸேக்களை வரிசையாகப் படித்தால், எல்லாமே ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கும். இன்ஜினியரிங், ஐந்து வருட ஐ.டி. வேலை, ஒரு ஆன்சைட், அடுத்து ப்ராடக்ட் மேனேஜர் ஆசை. பின்னணியை இனி மாற்ற முடியாது. எந்தக் கல்லூரியிடம் எதைக் கேட்கிறோம் என்பதைத்தான் மாற்றலாம். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் பார்க்கும் வரிசை இது.

கல்லூரியின் முகப்புப் பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம், அழகான படங்களைத் தவிர அங்கே ஒன்றும் கிடைக்காது. படித்து முடித்தவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கல்லூரி வெளியிடும் எம்ப்ளாய்மென்ட் ரிப்போர்ட்டை நேராகத் திறந்து, சம்பள எண்ணைத் தாண்டி அட்டவணைகளுக்குப் போங்கள். எந்தத் துறைக்குப் போனார்கள் என்று ஒன்று இருக்கும், என்ன வேலைக்குப் போனார்கள் என்று இன்னொன்று. ப்ராடக்ட் மேனேஜர் ஆக நினைப்பவர் முதல் அட்டவணையில் ‘டெக்னாலஜி’ என்ற வரியைப் பார்த்துக் குளிர்ந்துபோகிறார். அந்த வரியில் டெக் கம்பெனிக்கு ஃபைனான்ஸ், ஆபரேஷன்ஸ், மார்க்கெட்டிங் வேலைக்குப் போனவர்களும் சேர்த்தி. இரண்டாவது அட்டவணைதான் உங்களுக்கானது.

அடுத்து, சதவீதம் யாரைக் கொண்டு கணக்கிட்டது என்று பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் வேலை தேடியவர்களை மட்டும்தான் கணக்கில் எடுக்கின்றன. கம்பெனி செலவில் வந்தவர்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர்கள் வெளியே. படிப்பு முடிந்த அன்றைய நிலை, மூன்று மாதம் கழித்து உள்ள நிலை என இரண்டு எண் வரும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பலருக்கு வேலை தாமதமாகவே கிடைத்திருக்கிறது. பல ரிப்போர்ட்டுகளில் நிரந்தர வேலை உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று தனித்தனி வரி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரர் படிக்க வேண்டியது அந்த இரண்டாவது வரி. இந்தியாவில் ஐ.ஐ.எம். அகமதாபாத் போன்ற இடங்கள் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பொது அறிக்கை முறைப்படி வெளியிடும் ரிப்போர்ட்டில் நிலையான சம்பளம் தனியாகவும், அதிகபட்சம் கிடைக்கக்கூடிய தொகை தனியாகவும் இருக்கும். வீட்டில் சொல்ல இரண்டாவது எண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடன் கணக்கை முதல் எண்ணை வைத்துப் போடுங்கள்.

அமெரிக்கா என்றால் ஸ்டெம் தகுதியையும், அதாவது படிப்பு அறிவியல்-தொழில்நுட்ப வகையில் சேர்கிறதா என்பதையும் பாருங்கள். படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்க மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதம், ஸ்டெம் என்றால் மேலும் 24 மாதம். சில இடங்களில் முழுப் படிப்புக்கும் அந்தத் தகுதி உண்டு, சில இடங்களில் குறிப்பிட்ட பிரிவை எடுத்தால்தான். ‘ஸ்டெம் எம்.பி.ஏ.’ என்ற விளம்பரத்தை நம்பாமல், எந்தப் பிரிவுக்கு என்று அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டுக் கேட்டுவிடலாம்.

இதற்குப் பிறகுதான் பாடத்திட்டம். பெயர்களைவிட அமைப்பு முக்கியம். பிரான்ஸைச் சேர்ந்த இன்சியாட்டில் 10 மாதப் படிப்பு, ஒவ்வொன்றும் இரண்டு மாதமாக ஐந்து பருவம். ஜனவரியில் சேர்பவருக்கு நடுவில் இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி உண்டு, ஆண்டின் பிற்பகுதியில் சேர்பவருக்குக் கிடையாது. துறை மாற நினைப்பவர் எந்த இன்டேக்கில் (எந்த மாதத்தில்) சேர்வது என்று யோசிக்காமல் விண்ணப்பித்தால், விண்ணப்பத்தைப் படிக்கிறவர் அங்கேயே புருவத்தைத் தூக்குவார். அமெரிக்காவின் சிகாகோ பூத்தில் எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டியது ‘லீட்’ என்ற ஒரே பாடம், மற்றவற்றில் தேர்வு உங்கள் கையில். அங்கே ‘கட்டமைப்பான அடித்தளம் வேண்டும்’ என்று எழுதினால் தவறான வாசலில் நிற்கிறீர்கள். மிச்சிகன் ராஸில் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் ‘மேப்’ என்ற ஏழு வாரத் திட்டப்பணியை ஏதாவது ஒரு நிறுவனத்துக்காகச் செய்கிறார்கள். ‘செய்துபார்த்துக் கற்க வேண்டும்’ என்பவர் அதைத் தொடாமல் போனால் தேடவே இல்லை என்று அர்த்தம்.

எஸ்ஸேயில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: “உங்கள் உலகத்தரமான ஆசிரியர்களும் பன்முக மாணவர் சமூகமும் என் தலைமைப் பண்பை வளர்க்கும்.” கல்லூரிப் பெயரை மாற்றி எங்கே ஒட்டினாலும் பொருந்தும். இப்படித் திருத்தலாம்: “நான் எழுதும் சாஃப்ட்வேர் மருத்துவமனை பில்லிங்குக்குப் போகிறது, ஆனால் அதை வாங்கும் முடிவை எடுக்கிறவரை நான் சந்தித்ததில்லை. ‘மேப்’பில் ஏழு வாரம் ஒரு மருத்துவமனை நிர்வாகத்தோடு உட்கார்வது அந்த இடத்தை நிரப்பும்.” முதலில் தன்னிடம் இல்லாதது என்ன என்று சொல்லி, பிறகு கல்லூரியின் பொருளைக் காட்டுகிறது. வரிசையைத் திருப்பினால் ப்ரோஷர் வாசனை வந்துவிடும். பாடத்தின் பெயர், பேராசிரியர் பெயர் எழுதினால் அந்தப் பாடம் இந்த ஆண்டும் நடக்கிறதா, அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.

சேர்ந்த மாணவர்களின் விவரம் தரும் கிளாஸ் ப்ரொஃபைலில் ஜிமேட் நுழைவுத் தேர்வு எண்ணைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். பழைய ஜிமேட் மதிப்பெண் பூஜ்யத்தில் முடியும், இப்போதைய தேர்வில் 5-இல் முடியும். இரண்டும் வேறு அளவுகோல், பெர்சன்டைலில் இப்போதைய 645 ஏறக்குறைய பழைய 700. தெரியாமல் ஒப்பிட்டு, நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு திரும்பத் தேர்வெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மனிதர்களிடம் பேசுவதைக் கடைசியில் வையுங்கள். லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பக்கத்தின் அலும்னி பகுதிக்குப் போய் ஊருக்குப் பெங்களூரு என்று போட்டால் கோரமங்களா, இந்திராநகர் வட்டாரத்திலேயே ஆள் கிடைப்பார்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டில் முடித்தவராகவும், வந்த துறையும் போன துறையும் உங்களைப் போல இருப்பவராகவும் தேடுங்கள். பதினைந்து நிமிடம் மட்டும் கேளுங்கள். நம் ஊர்க்காரர் என்று தெரிந்தால் இரண்டாவது நிமிடம் “அண்ணா” வந்துவிடும், பேச்சும் நீளும். ஆனால் முதல் மெசேஜில் உரிமை எடுக்காதீர்கள். “காலேஜ் நல்லா இருக்குமா?” என்று கேட்டால் “சூப்பரா இருக்கும்” என்றுதான் பதில் வரும். விருப்பப் பாடங்களைப் பாயின்ட் ஏலத்தில் எடுக்கும் கல்லூரி என்றால் “ஏலத்தில் பாயின்ட் போட்டும் கிடைக்காத எலெக்டிவ் எது?”, “இந்திய மாணவர்களில் ப்ராடக்ட் வேலை கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்?” என்று கேளுங்கள். இது எந்தப் பக்கத்திலும் இருக்காது. பன்னேர்கட்டா சாலையில் உள்ள ஐ.ஐ.எம். பெங்களூரின் ஒரு வருடப் படிப்பைக் குறிவைப்பவருக்கு வேலை இன்னும் சுலபம், வளாகத்துக்கே போய் நடப்பு மாணவரோடு பேசலாம்.

எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போடுங்கள்: கல்லூரி, என்னிடம் இல்லாதது, அங்கே இருப்பது, எங்கே பார்த்தேன், எந்தத் தேதியில். எஸ்ஸே கேள்விகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால் தேதி முக்கியம். எம்.ஐ.டி. ஸ்லோன் எஸ்ஸேக்குப் பதில் 300 சொல் கவர் லெட்டரும் உங்கள் டீமில் யார் யாருக்குக் கீழே என்று காட்டும் ஆர்க் சார்ட்டும் கேட்கிறது, அதற்குத் தனி வரி தேவை. மேலதிகாரி தரும் ரெக்கமண்டேஷனைப் பற்றித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், பல கல்லூரிகள் ஒரே பொதுக் கேள்விகளைத்தான் அனுப்புகின்றன.

சமர்ப்பிக்கும் முன் மற்ற கல்லூரிகளின் பெயர்களையும் சுருக்கப் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், ஃபைல் பெயரையும் விடாமல். அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி நண்பகல் கெடு என்றால் செப்டம்பரில் நமக்கு இரவு 9.30, ஜனவரியில் 10.30.

ஷீட்டை அழித்துவிடாதீர்கள், இன்டர்வியூவுக்கு அதுதான் நோட்ஸ். இன்சியாட்டில் இன்டர்வியூ எடுப்பவர்களே முன்னாள் மாணவர்கள், வழக்கமாக இரண்டு பேர். பெங்களூரில் அந்த வட்டம் சின்னது. நீங்கள் மெசேஜ் போட்டு நேரம் வாங்கிவிட்டுப் பிறகு பேசாமல் விட்ட ஒருவர் அந்த மேசைக்கு எதிரே உட்காரலாம்.